தோட்டத்துத் திரை (9): வாய் திறக்காத நாடோடி

சென்ற இதழில் சாமிக்கண்ணு வின்சென்டின் கூடாரம் வரை வந்திருந்தோம். திருச்சி ரயில்வேயில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தவர் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகப் புறப்பட்ட கதையைப் பார்த்தோம். அவர் காட்டியவை எல்லாம் ஊமைப் படங்கள். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்க ஓடியவையும் ஊமைப் படங்கள்தாம். அந்தக் காலத்தின் சிரிப்பு நடிகர் ஒருவரைப் பற்றி இந்த இதழில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது, முதலில் ஒரு தமிழரைத்தான் தேடினேன்.

தேடுவதற்கே வழி குறைவு. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னகத்தின் முதல் கதைப்படம். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் விளக்க அட்டைகள் வைத்திருந்தார். இந்தி அட்டைகளை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. அந்தப் படத்தில் ஓர் அடிகூட இன்று இல்லை. அதற்குப் பிறகு சென்னையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. தென்னகத்தின் அத்தனை ஊமைப் படங்களிலும் இன்று கையில் இருப்பது ஒன்றே ஒன்று: நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933). அதுவும் புனே ஆவணக் காப்பகத்தில் இருப்பதால் தப்பியது. மற்றவை எரிந்தன, மக்கின, எடைக்குப் போயின. அவற்றில் தடுக்கி விழுந்தும் முழி பிதுங்கியும் நம் பாட்டன்மாரைச் சிரிக்க வைத்தவர்களின் முகம் நமக்கு இல்லாமல் போய்விட்டது. நம் சினிமா வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

பம்பாயில் ஒருவர் உண்டு. போர்பந்தர் பக்கத்து ராணாவாவ் கிராமத்தில் 1911-இல் பிறந்த நூர் முகமது, 1920-களின் பிற்பாதியில் ஊமைப் படங்களில் நுழைந்தார். 'இந்தியன் சார்லி' என்ற படத்துக்குப் பிறகு அவர் பெயரே நூர் முகமது சார்லி ஆகிவிட்டது. மீசைகூட அதே மீசை. பேசும் படங்களிலும் கொடிகட்டிப் பறந்து, 1941-இல் 'தந்தோரா' என்ற படத்தைத் தாமே இயக்கி நடித்தார். நாடு பிரிந்தபின் பாகிஸ்தான் போனார். அங்கே பழைய வரவேற்பு வாய்க்கவில்லை. அவருடைய ஊமைப் படங்களும் நம் கைக்கு எட்டுவதில்லை.

ஆகவே மூலவரிடமே போவோம். சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் இந்தத் தொடருக்கு அந்நியர் அல்ல. மலாயாவின் அம்பாங்கானைச் சுற்றியிருந்த ரப்பர்க் காட்டு மக்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த உறவு, படிப்பாளிகள் புத்தகத்தில் கண்டெடுத்த உறவு அல்ல. பசியும் வேலையும் வழியாக வந்தது. இரண்டு முறை அவரே நம் கடல் வழியாகப் போயிருக்கிறார்.

*

1889 ஏப்ரல் 16-இல் லண்டனில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பாட்டுக் கொட்டகைகளில் பாடிப் பிழைத்தவர்கள். அப்பா குடித்தே 1901-இல் இறந்துபோனார். அதற்கு வெகுகாலம் முன்பே குடும்பத்தை விட்டு விலகியிருந்தார். அம்மா ஹன்னாவின் குரல்தான் வீட்டுக்குச் சோறு. அந்தக் குரல் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கொட்டகையில் ஒரு நாள் பாதிப் பாட்டில் உடைந்தது. கூச்சல், கிண்டல். அம்மா மேடையை விட்டு இறங்க, கொட்டகை மேலாளர் ஓரத்தில் நின்றிருந்த ஐந்து வயதுப் பையனைக் கையைப் பிடித்து மேடையில் கொண்டுபோய் நிறுத்தினார். பையன் பாடினான். பாதியிலேயே காசு மழை. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக் கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று சபையைப் பார்த்துச் சொன்னான். கொட்டகை சிரித்தது. மேலாளர் கைக்குட்டையோடு வந்து பொறுக்க உதவினார். அவர் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பையன் பயந்து அவர் பின்னாலேயே ஓடினான். சிரிப்பு இன்னும் பெருகியது. காசு அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்து பாடினான்.

சாப்ளினின் முதல் மேடை அதுதான். அம்மாவுக்குக் கடைசி மேடையும் அதுதான். பின்னாளில் அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றின் விதையும் இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. பையன் யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. காசு போய்விடக் கூடாதே என்ற கவலையில் ஓடினான், அவ்வளவுதான். கவலைப்படுகிறவன் முழு மனசோடு கவலைப்பட்டால் பார்க்கிறவன் சிரிப்பான், அடுத்த கணம் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஏழு வயதில் அம்மாவோடும் அண்ணன் சிட்னியோடும் லாம்பெத் ஏழை விடுதிக்குப் போனார். உள்ளே போனதும் தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள். பிறகு பிள்ளைகளை ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே படைநோய் வந்ததால் தலையை மொட்டையடித்து மருந்து பூசி ஒதுக்கி வைத்தார்கள். ஒருமுறை ஹன்னா, விடுதியை விட்டு வெளியேறுவதாக எழுதிக் கொடுத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார். கையிலிருந்த கொஞ்சம் காசுக்கு செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடினார்கள். சாயங்காலம் மூவரும் திரும்பி வந்து மறுபடி விடுதியில் சேர்ந்துகொண்டார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்க அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். சில ஆண்டுகளில் அவர் மனநிலை தவறி மருத்துவமனைக்குப் போனார். மகன் பெரும் பணக்காரனாகி 1921-இல் கலிபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்ட பிறகுதான் அந்த அம்மாள் நிம்மதியாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1928-இல் காலமானார்.

சிறுவர் நடனக் குழு, நாடகத்தில் வேலைக்காரப் பையன் வேடம், பிறகு ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழு என்று ஏறி, 1910-இல் அந்தக் குழுவோடு அமெரிக்கா போனார். 1913 முடிவில் கீஸ்டோன் படக் கம்பெனியில் வாரம் 150 டாலருக்குச் சேர்ந்தார். அங்கேதான் அந்த வேடம் பிறந்தது. தொளதொள கால்சட்டை, இறுக்கமான மேல்சட்டை, சின்னத் தொப்பி, பெரிய சப்பாத்து, பிரம்பு, முகத்தில் துண்டு மீசை. 1914 பிப்ரவரியில் உலகம் அந்த நாடோடியை முதல்முதலாகப் பார்த்தது. 1916-இல் மியூச்சுவல் கம்பெனி அவருக்கு வாரம் 10,000 டாலரும், மேலே 1,50,000 டாலரும் கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 26. 1919-இல் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அதன் பிறகு அவருக்கு முதலாளி கிடையாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் அவர் பேச மறுத்ததற்கு இந்தச் சுதந்திரம்தான் முதுகெலும்பு.

*

அம்பாங்கானை இன்று பார்க்கிறவர்களுக்கு அது சிரம்பானின் ஒரு பகுதி. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் சாலையில் இருபுறமும் தாமான்கள், கடை வரிசைகள். சாலை கொஞ்சம் தள்ளிப் போய் புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறும். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்றது. செனவாங், லாபு, ரந்தாவ், சிலியாவ் என்று நெகிரி செம்பிலானின் இந்தப் பக்கம் முழுவதும் தோட்டங்களாகவே கிடந்தது. காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு, மரவரிசையான நிரை, பால் நிறுக்கும் ஸ்டோர், குடியிருக்கும் லயம் என்று ஒரே தடத்தில் சுற்றிய வாழ்க்கை. பட்டணத்துக் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்ப்பது கிராணியார் வீட்டுக்குக் கைகூடும். வெளிக்காட்டு ஆளுக்குப் பஸ் காசையும் டிக்கெட் காசையும் கூட்டிப் பார்த்தால் அரிசிக் கணக்கில் இடிக்கும். பிற்காலத்தில்தான் படமே தோட்டத்துக்கு வந்தது. திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஒளி பட்டதும் துணி உயிர்பெறும். முன்பக்கம் இடமில்லாதவர்கள் பின்பக்கம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம்வலம் மாறிப் பார்ப்பார்கள்.

நான் சாப்ளினை முதலில் கண்டது அப்படி ஒரு திடலில்தான். முழுப் படம் அல்ல, பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டும் ஒற்றைச் சுருள். அங்கே இருந்த பெரியவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. விளக்கம் சொல்லவும் ஆள் இல்லை. சென்னைப் பக்கத்து ஊமைப்படக் கொட்டகைகளில் திரைக்கு ஓரமாக ஒருவர் நின்று அட்டையைப் படித்து, கதையை விளக்கி, இடையிடையே சொந்தச் சரக்கையும் சேர்ப்பார் என்று முன்பு எழுதியிருந்தேன். இங்கே அதற்குத் தேவையே வரவில்லை. துரை மாதிரி உடுத்த ஆசைப்பட்டு, ஒட்டுப்போட்ட சட்டையைத் தட்டிவிட்டு, தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லி, அடுத்த நொடி போலீஸ்கார மாட்டாவிடம் அடி வாங்கி ஓடுகிற ஒருவனை அந்த மக்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் ஒரு காட்சி. தங்கம் தேடிப் போன இடத்தில் பனிப்புயல். குடிசைக்குள் இரண்டு பேர், சாப்பிட ஒன்றும் இல்லை. நாடோடி தன் ஒரு கால் சப்பாத்தை வேகவைக்கிறான். வெந்துவிட்டதா என்று முள்கரண்டியால் குத்திப் பார்க்கிறான். தட்டில் எடுத்து வைத்து, மேலே சாற்றை ஊற்றி, மீனில் முள் எடுப்பதுபோல் அடித்தோலை ஆணிகளோடு பிரிக்கிறான். ஒவ்வோர் ஆணியாக எடுத்து, கோழி எலும்பைச் சப்புவதுபோல் ருசித்துச் சப்பித் தட்டோரம் வைக்கிறான். சப்பாத்துக் கயிற்றைக் கரண்டியில் சுற்றிச் சுற்றி வாயில் போடுகிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் தடியன் முகத்தைச் சுளிக்கிறான். நாடோடியின் முகத்தில் சுளிப்பே இல்லை. விருந்து சாப்பிடுகிறவனின் மரியாதை அந்த முகத்தில் இருக்கிறது. அந்தச் சப்பாத்தை அதிமதுர மிட்டாயில் செய்திருந்தார்கள். மூன்று நாள், 63 முறை எடுத்தார்கள். தின்று தின்று இருவருக்கும் வயிறு கெட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு அமெரிக்காவின் மலைகளில் பனியில் சிக்கிப் பட்டினியால் பலரை இழந்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றைப் படித்ததிலிருந்துதான் சாப்ளினுக்கு இந்தக் காட்சி தோன்றியது. அவர்கள் செத்தவர்களின் உடலையே தின்ன நேர்ந்தது. அதிலிருந்து இவர் சிரிப்பை எடுத்தார். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இருக்கக்கூடும். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை ஆண்டு மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள், சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனபோது புதருக்குள் ஒளிந்தவர்கள், இதே காட்சியைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. பசியைத் தட்டில் வைத்து, மரியாதையோடு உட்கார்ந்து தின்றுகாட்டிய ஒருவனைக் கண்ட ஆறுதல் இருந்தது.

*

1927-இல் அமெரிக்காவில் படம் பேசத் தொடங்கியது. நான்கே ஆண்டில், 1931 அக்டோபர் 31-இல் டி. பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வெளிவந்து தமிழும் திரையில் கேட்டது. ஊமைப்பட நடிகர்கள் பலர் இந்தத் திருப்பத்தில் காணாமல் போனார்கள். பஸ்டர் கீட்டன் போன்ற மேதையே தடுமாறினார். சாப்ளின் மட்டும் முடியாது என்றார்.

பிடிவாதம், பயம், தன் குரல்மேல் நம்பிக்கையின்மை என்றெல்லாம் அன்று எழுதினார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் கேட்க வேண்டியது. பேசாத நடிப்பு எல்லா நாட்டாருக்கும் பொது. நாடோடி ஆங்கிலத்தில் வாய் திறந்த மறுகணம் அவன் ஒரு நாட்டுக்காரன் ஆகிவிடுவான். உலகின் பாதிக்கு மேற்பட்ட மக்களுக்கு அவன் அந்நியன் ஆகிவிடுவான். அவர் கண்முன் இருந்த அந்த மக்களில், ஆங்கிலம் என்றால் துரையின் அதட்டல் என்று மட்டுமே அறிந்திருந்த நம் தோட்டத்து ஆட்களும் அடக்கம்.

'சிட்டி லைட்ஸ்' படத்தை ஏறக்குறைய 15 லட்சம் டாலர் சொந்தப் பணம் போட்டு, ஊமைப் படமாகவே எடுத்தார். பின்னணி இசையைத் தாமே அமைத்தார். கண் தெரியாத பூக்காரி, இந்த ஏழை நாடோடியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். கதையின் அச்சாணி அதுதான். பேச்சில்லாமல் இதை எப்படிக் காட்டுவது? மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்று நின்று நகர்ந்தது. ஒரு கார்க் கதவு சாத்தப்படுகிற நேரத்தில் அவன் அவள் முன்னால் நிற்க நேர்கிறது. காரிலிருந்து இறங்கியவன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். இவ்வளவுதான் தீர்வு. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பூக்காரி காட்சியை மட்டும் 342 முறை எடுத்ததாகக் கணக்கு. பேசாத படத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் தயங்கியபோது நியூயார்க்கில் தாமே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். படம் வென்றது.

1931 செப்டம்பர் 22-இல் லண்டனின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில், டாக்டர் கத்தியால் என்ற இந்தியரின் வீட்டில், சாப்ளின் காந்தியைச் சந்தித்தார். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்திக்கு இவர் யார் என்று தெரியாது. ஏழைகளிடையே பிறந்து ஏழைகளுக்காகப் படம் எடுப்பவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகு சம்மதித்தார். இயந்திரங்கள்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு என்று சாப்ளின் கேட்டார். இயந்திரத்தால்தான் எங்கள் நாடு உங்களை நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று, முதலில் அந்தக் கட்டிலிருந்து விடுபட வேண்டும் என்ற பொருளில் காந்தி விடையளித்தார். மாலைப் பிரார்த்தனை முடியும்வரை சாப்ளின் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அதன் பதில் ஒரு படமாக வந்தது.

அதற்கு முன் கப்பல் பயணம். 1932 மார்ச்சில் அண்ணன் சிட்னியுடனும், செயலாளர் கோனோ என்ற ஜப்பானியருடனும் கொழும்பு வந்து இறங்கினார். கண்டியைப் பார்த்தார். அங்கிருந்து சிங்கப்பூர், ஜாவா, பாலி. சிங்கப்பூர் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் சிறுவர் சிறுமியர் நடித்த சீன நாடகம் ஒன்று மூன்று இரவுகள் தொடர்ந்து நடந்தது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இளவரசன் வேடம் கட்டியிருந்தாள். மூன்றாம் இரவில் நாடுகடத்தப்பட்ட இளவரசன் கதறிக்கொண்டு மேடையை விட்டுப் போகும் கட்டம் தம்மை உலுக்கிவிட்டதென்றும், மொழி புரியாமல் இருந்ததே நல்லது என்றும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேசாத படத்துக்காக உலகத்தோடு மல்லுக்கு நின்றவர், மொழி தெரியாத பார்வையாளராக நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலியிலிருந்து திரும்பும்போது சிங்கப்பூரில் காய்ச்சலில் படுத்தார். மே மாதம் ஜப்பான் போனார். போய் இறங்கிய மறுநாள் அந்நாட்டுப் பிரதமர் இனுகாயைச் சுட்டுக் கொன்றார்கள். கொலைகாரர்களின் திட்டத்தில் சாப்ளினைக் கொல்வதும் ஒரு கட்டத்தில் இருந்தது.

அவர் கப்பல் கிழக்கே வந்த அதே மாதங்களில், நம் ஆட்களை ஏற்றிய கப்பல்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தன. ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, கூலியை வெட்டின. 1930 தொடங்கி மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தமிழ்த் தொழிலாளரும் அவர்கள் குடும்பங்களும் பினாங்கு வழியாகவும் கிள்ளான் துறைமுகம் வழியாகவும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காட்டை அழித்து, கன்று நட்டு, மரமாக்கிப் பால் எடுத்துக் கொடுத்தவர்களை, விலை விழுந்ததும் மூட்டை கட்டச் சொன்னார்கள். 'ரஜுலா' கப்பலின் தளத்தில் தகரப் பெட்டியோடு படுத்துக் கிடந்த அந்த நாடோடிகளை யாரும் படம் எடுக்கவில்லை.

*

1936 பிப்ரவரியில் 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. ஒரு தொழிற்சாலையில் நகரும் பட்டையில் வரும் உலோகத் துண்டுகளின் திருகாணிகளை முடுக்குவது நாடோடியின் வேலை. நாளெல்லாம் அது ஒன்றுதான். ஓய்வு மணி அடித்தபிறகும் அவன் கைகள் நிற்பதில்லை. காற்றை முடுக்கிக்கொண்டே நடக்கிறான். சட்டைப் பித்தானைக் கண்டால்கூட முடுக்கப் போகிறான். வேலையை நிறுத்தாமலே ஆட்களுக்குச் சோறூட்ட ஓர் இயந்திரம் வருகிறது. அது அவன் மூஞ்சியில் அறைகிறது. முதலாளி கழிவறைக்குள்ளும் திரையில் தோன்றி வேலைக்குப் போ என்கிறான்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கி, முந்நூறு மரத்துக்கும் மேல் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் பட்டையைச் சீவிய கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி வேறு கணக்கு. பால்மரம் வெட்டியே வயதான அம்மாமார்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது வலது கை மடியில் தானாக மேலிருந்து கீழே சரிவாக இழுக்கும். கத்தி இருக்காது, கை இழுக்கும். சாப்ளின் ரப்பர்த் தோட்டம் பார்த்தாரோ இல்லையோ, அந்தக் கையை எடுத்துத் திரையில் போட்டுவிட்டார். அதே 1936-இன் முடிவில்தான் மலாயாவின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய சீனிவாச சாஸ்திரியார் வந்தார். அவருடைய அறிக்கை வந்து நூலகத்தில் இருக்கிறது. கூலிக்காரனின் உடம்பில் வேலை என்ன செய்கிறது என்பதை அந்த அறிக்கையைவிட இந்தப் படத்தின் முதல் இருபது நிமிடம் நன்றாகச் சொல்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்தப் படத்திலும் நாடோடி பேசவில்லை. கடைசியில் ஓர் ஓட்டலில் பாட வேண்டி வருகிறது. பாட்டின் வரிகளை எழுதி வைத்திருந்த கைப்பட்டை பறந்துவிடுகிறது. வாய்க்கு வந்ததைப் பாடுகிறான். எந்த மொழியும் இல்லாத ஒலிகள். கையும் கண்ணும் இடுப்பும் சொல்வதை வைத்தே பாட்டின் பொருள் நமக்கு விளங்கிவிடுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாடோடியின் குரலைக் கேட்ட உலகம் அதில் எந்த நாட்டையும் கேட்கவில்லை. படம் வெளியான கையோடு சாப்ளின் நடிகை பாலெட் கோடார்டுடன் மறுபடியும் கிழக்கே கப்பலேறினார். சிங்கப்பூர் இரண்டாம் முறையும் அவரைப் பார்த்தது.

அதன் பிறகு நாடோடி இல்லை. 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் சாப்ளின் பேசினார், ஹிட்லருக்கு எதிராகப் பேசினார். 1952-இல் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு பறித்தது. பொதுவுடைமைக்காரர் என்ற சந்தேகம். நாற்பது ஆண்டு வாழ்ந்த நாடு ஒரு கையெழுத்தில் கதவைச் சாத்தியது. சுவிட்சர்லாந்தில் குடியேறி, 1972-இல் ஆஸ்கார் மேடையில் கௌரவ விருது வாங்க ஒருமுறை மட்டும் திரும்பி வந்தார். 1977 டிசம்பர் 25-இல் காலமானார்.

அவரைப் புனிதராக்குவது என் வேலை அல்ல. பதினாறு வயதுப் பெண்ணை மணந்தார். அந்த மணவாழ்க்கை நீதிமன்றத்தில் நாறியது. படப்பிடிப்பில் சக நடிகர்களைப் பாடாய்ப் படுத்தினார். ஏழையின் வலியைத் திரையில் அவ்வளவு நுட்பமாக அறிந்தவர் வீட்டில் அந்த நுட்பத்தை எப்போதும் காட்டவில்லை. இதையும் சேர்த்தே அவரை ஏற்க வேண்டும். ஏழை விடுதியின் பிள்ளை அதை மறக்காமல் வைத்திருந்து, யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாத வகையில் திருப்பிக் கொடுத்தது பெரிய காரியம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பேசும் படம் வந்ததும் நம் மக்கள் நம் குரலைத் தேடிப் போனார்கள். அது இயல்பு. நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன் ஒருவன் வளர்ந்து, இந்தியாவின் சாப்ளின் என்று பேரெடுத்தார். அவர் நடித்த 'சதி லீலாவதி' (1936) படத்தின் கதாநாயகன் இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தோட்டத்து வாழ்க்கை தமிழ்த் திரைக்கு அவ்வளவு சீக்கிரமே வந்துவிட்டது. அந்தச் சோடாப் பையனை, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை, அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். தென்னகத்து ஊமைப் படங்களை எடைக்குப் போட்டு இழந்தோம். தோட்டத்துப் படக்காட்சியின் தடயங்களும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் மாறிவிட்டன. லயத்திலிருந்து கிளம்பியபோது கொண்டுவந்த தகரப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் அடியில் பழைய படத்து நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திடலில் துணி கட்டியபோது எடுத்த புகைப்படம், படம் ஓட்டியவரின் கணக்கு நோட்டு என்று எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அம்பாங்கான், செனவாங், லாபு, ரந்தாவ் பக்கத்து வாசகர்கள் இதழுக்கு எழுதித் தெரிவியுங்கள். படியெடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாக உங்களிடமே திருப்பித் தருகிறோம்.